உள்ளே யாரோ இருக்கிறார்கள்

அந்தக் கதவுக் கண்ணாடியில் என்ன பூ போட்டிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒரு நாள் வேப்பங்கொத்து போல நினைவுக்கு வருகிறது. இன்னொரு நாள் உளுந்தைப் பரப்பிவைத்ததுபோல் சின்னச் சின்னக் குமிழாக. 1984 ஐப்பசியில், மாயவரத்தில் ஒரு டாக்டர் வீட்டு முன்னறையில், பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. கதவின் கீழ்ப்பாதி தேக்குப் பலகை, மேல்பாதி கண்ணாடி. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று, அது டாக்டர். பச்சையாக ஒன்று, அது அம்மா. அன்றைக்கு இலைப்பச்சையில் சுங்குடி கட்டியிருந்தாள். வெள்ளை அசைந்துகொண்டே இருந்தது, பச்சை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளை நின்றுவிட்டது, பச்சை குறுகியது. குறுகி, விட்டுவிட்டு நடுங்கியது. மழைக்காலத்து வெளிச்சம் ஏறி இறங்கினாலே அந்தக் கண்ணாடியில் எல்லாம் நடுங்கும், அதனால் அதை அழுகை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பிறகு பச்சை பெரிதாகிக் கதவை நெருங்கியது. கதவைத் திறப்பதற்கு முன், பிடிமானம் தேடியதுபோல் ஒரு உள்ளங்கை கண்ணாடியில் வந்து பதிந்தது. பதிந்த இடம் மட்டும் சட்டென்று தெளிந்தது. அழுந்தி வெளுத்த சதை, கட்டைவிரலடியில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, மணிக்கட்டில் சரிந்து நின்ற இரண்டு வளையல். கைக்கு மேலே முகம் இருந்திருக்கும். அது வெறும் மாநிறக் கலங்கலாக இருந்தது. கை விலகியது, கதவு திறந்தது, அம்மா வெளியே வந்து, “பசிக்குதாடா?” என்றாள்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் கேட்காததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மா 2009 வரை இருந்தாள். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், பேச எவ்வளவோ நேரம் இருந்தது. அந்த மழைக்காலத்தில் அவள் நாலைந்து தடவை அந்த டாக்டரிடம் போனதும், அப்புறம் போவதை நிறுத்தியதும், தை மாதம் வரை சரியாகச் சாப்பிடாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்வது அந்த நோய் இன்னதென்று தெரியாமல் போனது அல்ல. பார்த்த ஒன்றைப் பார்க்காததாக வைத்துக்கொள்ள எனக்கு ஒரு அனுமதி கிடைத்திருந்தது, அதை நான் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டேன். அனுமதி கொடுத்தது அந்தக் கண்ணாடி என்று நெடுநாளாக ஒரு எண்ணம். கண்ணாடிமேல் பழிபோட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்று அதற்குப் பின்னாலேயே இன்னொரு எண்ணம். இரண்டுக்கும் நடுவில்தான் இதை எழுதுகிறேன்.

பூப்போட்ட கண்ணாடி வழியே பார்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடியை ஒட்டியிருப்பது தெளியும், ஒரு முழம் தள்ளியிருப்பது கரையும், நாலடி தள்ளியிருப்பது நிறமாக மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒளியை அதனதன் போக்கில் வளைக்கிறது. பொருள் கிட்ட இருந்தால் வளைந்த ஒளி சிதறுவதற்குத் தூரம் போதாது, எட்ட இருந்தால் ஒரே முகத்தின் ஒளி நூறு திசைக்குப் போய்விடுகிறது. வெளிச்சத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. அறைக்குள் பகல் அப்படியே வந்துவிடும், ஆள் மட்டும் வரமாட்டார். ராத்திரியில் இது தலைகீழ். உள்ளே விளக்கெரிந்தால் தெருவில் நிற்பவனுக்கு உள்ளே இருப்பவரின் உருவம் திரைப்படம் போல ஓடும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் காட்டிக்கொடுக்கப்படுகிறது. குளியலறை வென்டிலேட்டருக்கு பின்ஹெட் கண்ணாடி போட்டு நிம்மதியாக இருக்கும் எத்தனையோ வீடுகளில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. பின்ஹெட் என்று கடைக்காரர்கள் சொல்வது குண்டூசித் தலைகளை நெருக்கி வைத்ததுபோல் இருக்கும் ரகம். அதைத் தடவினால் விரல் நுனிக்கு வரும் சொரசொரப்பு, பலாப்பழத்தின் மேல்தோலை மிகச் சிறிதாக்கிக் குளிரவைத்தால் எப்படியிருக்குமோ அப்படி.

இந்தக் கண்ணாடி பிறந்த விதத்தைப் படித்தபோது ஒன்று மனதில் நின்றது. வார்ப்புக் கண்ணாடியை இரும்பு மேஜைமேல் ஊற்றி உருளையால் தேய்க்கும்போது, இரும்பு பட்ட முகம் மங்கிப்போகும். கண்ணாடி என்று விற்க வேண்டுமானால் அந்த மங்கலைத் தேய்த்துத் தேய்த்து, மெருகேற்றி, எடுத்தாக வேண்டும். விலையில் பெரும்பங்கு அந்தத் தேய்ப்புக்கே போனது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஜேம்ஸ் ஹார்ட்லி 1847இல் காப்புரிமை பெற்ற உருட்டுத் தகடு, அந்தத் தேய்ப்பை விட்டுவிட்ட கண்ணாடி. மங்கலாகவே மலிவாக விற்றது. ரயில் நிலையக் கூரைக்கும் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்கும் போனது, அங்கே யாரும் ஊடாகப் பார்க்கப்போவதில்லை. அப்புறம் பர்மிங்காம் பக்கத்து ஸ்மெத்விக்கில், 1851இன் ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகைக்குக் கண்ணாடி கொடுத்த அதே சான்ஸ் சகோதரர்கள், 1890 வாக்கில் பூ வெட்டிய உருளைக்கு அடியில் இளகிய கண்ணாடியை விட்டு எடுத்தார்கள். இன்றைக்கும் வழி அதுதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் தேன்பதத்தில் வரும் கண்ணாடி, தண்ணீரால் குளிர்விக்கப்படும் இரண்டு உருளைகளுக்கு இடையில் முறுக்கு மாவு அச்சில் நுழைவதுபோல் நுழைந்து, ஒரு முகத்தில் பூவோடு வெளியே வரும். பிறகு நீண்ட சூளையில் மெல்ல மெல்ல ஆறும். அவசரமாக ஆறினால் உள்ளுக்குள் இழுபறி தங்கிப் பின்னொரு நாள் தானாக விரிசல் விடும். குறை என்று தேய்த்து எடுத்துக்கொண்டிருந்ததை ஒருவர் விட்டுவைத்தார், அடுத்து வந்தவர்கள் அந்தக் குறைக்கே பூ வரைந்தார்கள். சூரிய மின்தகடுகளின் மேல்மூடியும் பெரும்பாலும் இந்த உருளைக் கண்ணாடியின் வம்சம்தான். மொட்டைமாடிகளில் யாரையும் மறைக்க வேண்டிய கடமையில்லாமல், வெயிலை நழுவவிடாமல் பிடிக்க மட்டும் அந்தச் சொரசொரப்பு உதவுகிறது. அதை நினைக்கும்போது காரணமில்லாமல் ஒரு ஆறுதல்.

தாத்தா வீட்டில் கண்ணாடியே கிடையாது, சாமி படங்களுக்குப் போட்டதைத் தவிர. ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கிணற்றடி தெரியும்படி வரிசையாகக் கதவுகள், பகலெல்லாம் திறந்தே இருக்கும். இருந்தும் அந்த வீட்டில் மறைவு இருந்தது. தாத்தா இரண்டாங்கட்டுக்குப் போகுமுன் ரேழியிலேயே ஒரு தடவை செருமுவார். சளிக்கான செருமல் வேறு, இது வேறு. குழந்தைகளான எங்களுக்கே வித்தியாசம் தெரியும். அந்தச் செருமலுக்கும் அவர் கால் நிலைப்படியைத் தாண்டுவதற்கும் இடையில் பத்து எண்ணும் நேரம் இருக்கும். அதற்குள் முந்தானை ஏறும், பேச்சு மாறும், குழந்தைக்குப் பால் கொடுப்பவள் திரும்பி உட்காருவாள். பொருளே இல்லாத ஒரு சுவர் அது, வருகிறவர் தன் தொண்டையில் சுமந்துவந்தார். டாக்டர் வீட்டுக் கதவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருமல் ஞாபகம் வரும். உள்ளே ஆள் இருக்கிறார் என்று வெளியே இருப்பவருக்கும், வெளியே ஆள் வந்திருக்கிறார் என்று உள்ளே இருப்பவருக்கும் சொல்லும் வேலையை ஒரு காலத்தில் மனிதர்கள் செய்தார்கள். பிறகு அதை ஒரு சட்டத்தில் பதித்த கண்ணாடியிடம் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி அதைச் சோர்வில்லாமல் செய்கிறது, ஆனால் செருமியவர் ஒருபோதும் உற்றுப் பார்க்கமாட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் முக்கால் மணி நேரம் உற்றுப் பார்த்தேன்.

இப்படி எழுதிவிட்டு, இது சரிதானா என்று தாத்தா வீட்டுக்கே திரும்பிப் போய் யோசிக்க வேண்டியிருக்கிறது. தாத்தாவின் செருமல் யாருக்காக? கொல்லைப்புறம் வேலைக்கு வந்த பெண்களுக்காக யாரும் செருமி நான் கேட்டதில்லை. மாதத்தில் மூன்று நாள் பாட்டியும் சித்தியும் கொல்லைத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது வீட்டுக்கு மட்டுமா, தெருவுக்கே தெரியும். பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்திக்கு அங்கே எந்த மறைவும் இருக்கவில்லை. அம்மாவுக்கு அந்த டாக்டர் அறைக் கதவு, அவள் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, தன் உடம்பைப் பற்றி ஒரு சேதியை வீட்டார் யாரும் கேட்காமல் தான் மட்டும் கேட்டுக்கொள்ள ஒரு இடம் தந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த மங்கல் அவளுக்குக் கிடைத்த ஒரு கொடை, நான் கேட்காமல் விட்டதும் அதன் நீட்சி. இந்த இடத்துக்கு வந்து நின்றால் மனம் கொஞ்சம் இளகுகிறது. ஆனால் கண்ணாடியில் பதிந்த அந்தக் கை மறுபடி வரும். யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைப்பவள், வெளியே மகன் உட்கார்ந்திருப்பது தெரிந்தும், அங்கே ஏன் கையை வைத்தாள்? கைப்பிடி ஒரு சாண் கீழே இருந்தது.

நம்மிடம் மறைப்புக்கு வேறொரு மரபு இருக்கிறது, அது துணி. சிதம்பரத்தில் ரகசியத்தின்முன் தொங்கும் திரையை விலக்கினால்தான் பொன் வில்வ மாலை தெரியும். வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு நிறத்தில் ஏழு திரை. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலக, பின்னால் ஜோதி. அலங்காரத்தின்போது எந்தச் சன்னதியிலும் திரை போடுவார்கள், அப்போது வெளியே நிற்கும் கூட்டம் தானாகக் குரலைத் தணிக்கும். திரைக்கு ஒரு நேரம் உண்டு. மூடியிருக்கும்போது முழுதாக மூடியிருக்கும், திறக்கும்போது முழுதாகத் திறக்கும். இரண்டுக்கும் இடையில் காத்திருத்தல் இருக்கிறது. பூக்கண்ணாடிக்குத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. எப்போதும் பாதி. அதன்முன் யாரும் காத்திருப்பதில்லை, ஏனென்றால் எதுவோ ஏற்கெனவே கிடைத்துவிட்டதாக ஒரு உணர்வு. இப்போது கட்டும் வீடுகளில் பூஜையறைக் கதவுக்கு மணி கோத்த தேக்குச் சட்டமும் நடுவில் குத்துவிளக்கோ கஜலட்சுமியோ பொறித்த மங்கல் கண்ணாடியும் வைக்கிறார்கள். உள்ளே விளக்கேற்றினால் கண்ணாடியில் இருக்கும் மங்கல் விளக்கும் சுடர் விடுகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சோபாவிலிருந்து எழாமலே சாமி உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை.

அந்தக் கஜலட்சுமியைப் பொறிக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தேன். தகரக் கொட்டகை. கண்ணாடிமேல் ஸ்டிக்கர் தாளை ஒட்டி, படத்தைப் பிளேடால் கீறி, வேண்டிய இடத்தை உரித்திருந்தார்கள். கம்ப்ரசர் காற்றோடு பொடிமணல் சீறி வர, உரித்த இடமெல்லாம் வெளுத்தது. யானையின் துதிக்கை வளைவில் குழாயைத் தூக்கித் தூக்கிப் பிடித்து, ஆழமாகவும் மேலோட்டமாகவும் அடித்து, தட்டையான கண்ணாடியில் தசையின் திரட்சியைக் கொண்டுவந்தார் ஒரு பையன். இருபது வயது இருக்கும். மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். கொட்டகை முழுக்க வெண்புழுதி, அவர் இமைமயிரில்கூட. மணல் பொடிபடும்போது எழும் அந்தச் சன்னத் துகள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது, வருடங்கள் கழித்து மூச்சை இறுக்கும். சிலிகோசிஸ் என்பது அதுதான். அமிலத்தால் பொறிக்கும் முறை இன்னும் கொடியது. கண்ணாடியைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலில் பட்டால் சில நேரம் உடனே எரியக்கூட எரியாது. உள்ளே இறங்கி, உடம்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து, எலும்புவரை போன பிறகுதான் வலி தெரியும். வீட்டுக்கு வந்துசேரும் மங்கலில் இது எதுவும் தெரிவதில்லை. பூஜையறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பையன் மூச்சு எப்படியிருக்கிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன். குறைந்தபட்சம் சரியான முகமூடியும், மூடிய பெட்டிக்குள் வைத்து அடிக்கும் ஏற்பாடும் இல்லாத பட்டறைக்கு வேலை கொடுக்காமல் இருக்க வீடு கட்டுகிறவர்களால் முடியும். விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

மணலடித்த கண்ணாடியிடம் நான் ஒரு பாடம் படித்தேன். கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் குளியலறை ஜன்னல் பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பார்த்து இருந்தது. சொரசொரப்பான முகத்தை உள்பக்கமாக வைத்துப் பதித்திருந்தார்கள். ஒரு நாள் காலை, தலைக்கு ஊற்றிய தண்ணீர் தெறித்து வழிந்த இடத்தில், கண்ணாடியில் பட்டையாக ஒரு தெளிவு. அதன் வழியே மாடிப்படியும், படியில் காயும் வற்றல் மிளகாயும், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பாதமும் துல்லியமாகத் தெரிந்தன. நான் தண்ணீர் சொட்ட அப்படியே நின்றேன். தண்ணீர் கண்ணாடிக்கு நெருங்கின உறவு; சொரசொரப்பின் பள்ளங்களில் போய் நிரம்பி மேற்பரப்பைச் சமமாக்கிவிட்டால், ஒளி முன்போல் சிதறாமல் கடந்துவிடும். எண்ணெய்க் கையை வைத்தாலும் அப்படித்தான், செல்லோடேப் ஒட்டினாலும் அப்படித்தான். அதாவது அந்த மறைப்புக்கு ஒரு தம்ளர் தண்ணீர்தான் ஆயுள், அதுவும் தண்ணீர் புழங்கும் அறையில். என் மனைவி அந்த ஜன்னலுக்கு அன்றே ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். எனக்கு அன்று ராத்திரி வேறொன்று தோன்றியது. அழுத முகத்தோடு அம்மா நெற்றியை அந்தக் கதவில் சாய்த்திருந்தால், கண்ணீர் பட்ட இடத்தில் நான் அவளைப் பார்த்திருப்பேனா? பார்த்திருக்க முடியாது. உருளையில் எடுத்த பூக்கண்ணாடியின் மேடுபள்ளம் ஆழமானது, ஒரு சொட்டு ஈரத்துக்கு நிரம்பாது. இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மங்கல் கண்ணாடிக்கு இன்னொரு குணம் உண்டு, அது பழைய ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரியும். முக்காலியில் நின்ற பெரிய பிளேட் கேமராவின் பின்பக்கம் ஒரு தேய்த்த கண்ணாடி இருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கும். தெளிந்த கண்ணாடியாக இருந்தால் படம் அதில் தங்காது, கடந்து போய்விடும். நேராகப் பார்க்க விடாத ஒன்றுதான் படத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மாமாவின் சிநேகிதர் ஒருவர் சிறுவயதில் அந்தத் துணிக்குள் என்னை விட்டுக் காட்டியிருக்கிறார். அத்தை தலைகீழாகச் சிரித்தாள், நிறம் எல்லாம் நேரில் இருப்பதைவிடக் கனிந்து, மெல்லிய மணல்மணி மினுங்க. அந்த டாக்டர் வீட்டுக் கதவை நான் இவ்வளவு காலம் வைத்திருப்பதும் இதனால்தானோ என்னவோ. கதவு திறந்திருந்தால் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருப்பேன், பயந்திருப்பேன், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பேன், நாற்பது வருடத்தில் மறந்தும் இருப்பேன்.

பாரிஸில் ஒரு டாக்டர் வீடு இருக்கிறது, கண்ணாடி வீடு என்றே பெயர். பியர் ஷரோ, பெர்னார்ட் பைஃபூட் என்ற இருவர் 1928 தொடங்கி 1932வரை கட்டியது. மேல்மாடியில் குடியிருந்த ஒரு மூதாட்டி காலிசெய்ய மறுத்துவிட்டதால், அவர் வீட்டை அப்படியே விட்டு, அடியில் இரும்புத் தூண்களைக் கொடுத்து, கீழ்த்தளங்களை மட்டும் உருவி எடுத்துப் புதிதாக நுழைத்தார்கள். முற்றத்தைப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடிக் கட்டிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டக் குழிவு. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் பால் போன்ற ஒரு சுவர், உள்ளே நடப்பவர் நிழலாகக்கூட நிற்கமாட்டார். இரவில் வெளியிலிருந்து விளக்கடித்து உள்ளே பகலைக் கொண்டுவரும் ஏற்பாடும் செய்தார்கள். வீட்டுக்காரர் ழான் டல்சாஸ் பெண்களுக்கான மருத்துவர், தரைத்தளத்தில் அவர் ஆலோசனை அறை. புகைப்படங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டடக்கலை மாணவர்கள் வியக்கும் இரும்பு வேலைக்குமுன் நான் ஒன்றைத் தேடுகிறேன். அங்கே வந்த பெண்களோடு துணைக்கு வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், அங்கிருந்து என்ன தெரிந்தது என்று. கட்டடத்தைப் பற்றிய எழுத்தில் காத்திருப்பவரைப் பற்றிய எழுத்து எப்போதும் குறைவுதான்.

அலுவலகங்களில் இப்போது பூ இல்லை. இளகிய தகரத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு இருபுறமும் வழுவழுப்பாக எடுக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த பிறகு, தெளிந்த பெருந்தகடுகள் மலிந்தன. நம்மூரிலும் ஸ்ரீபெரும்புதூரில் 2000இலிருந்து அப்படி மிதந்து வருகிறது. தெளிவு மலிந்ததும் மறுபடி மறைக்க வேண்டிவந்து, மேலே மங்கல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். காபிக் கடைகளில் இப்போது குழல் குழலாகக் கோடு விழுந்த ரகம் பரவியிருக்கிறது. எதிர்ப்பக்கம் நடப்பவரை வாழைப்பட்டை போல நீள நீளமாகக் கிழித்துக் காட்டும், அழகான பொருள், நான் அதன்முன் நின்று பார்த்ததுண்டு. ஆனால் என் மகள் வேலை பார்க்கும் இடத்தில் கூட்ட அறைக் கண்ணாடிக்கு முழங்காலிலிருந்து தலை உயரம்வரை மட்டும் மங்கல் பட்டை. கீழே செருப்புகள் தெரியும். வேலையிலிருந்து ஆட்களை நீக்கிய வாரத்தில், அந்த அறைக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள். வெளியே எல்லோரும் கணினியைப் பார்த்தபடி கீழே தெரியும் கால்களைப் பார்த்தார்களாம். “ஒரு பொண்ணு செருப்ப கழட்டிட்டு ஒரு கால் மேல இன்னொரு கால வச்சு அமுக்கிட்டே இருந்தாப்பா. அது மட்டும் போகமாட்டேங்குது” என்றாள் மகள். வெளியே வந்ததும் போய்ப் பேசினாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது?

போன மாசம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எண்பத்துநாலு வயது. பெரிய அடி இல்லை, ஆனால் அவர் விழுந்து கிடந்த பத்து நிமிஷம் எங்களுக்குத் தெரியவில்லை. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தாழ்ப்பாளை எடுத்துவிடலாம் என்றேன், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் கதவின் மேல்பாதியை அறுத்துக் கண்ணாடி போடுவதென்று முடிவாயிற்று. கடையில் துண்டு மாதிரிகளை மேஜையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி, கையை அதன் பின்னால் வைத்து, மெல்லப் பின்னுக்கு இழுத்து, எந்தத் தூரத்தில் விரல்கள் ஒன்றாகின்றன, எந்தத் தூரத்தில் கையே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுமையாக இருந்தார். “ஆள் நிக்கிறது தெரியணும், உடம்பு தெரியக் கூடாது. அதானே சார்?” என்றார். அதுதான். பாத்ரூமுக்கு என்பதால் டஃபன் பண்ணித்தான் வாங்க வேண்டும், உடைந்தாலும் கல்கண்டு மாதிரி உதிரும், கிழிக்காது. ஆனால் சூளைக்குப் போய்வந்த பிறகு ஒரு நூல்கூட அறுக்க முடியாது, அதனால் அளவை இப்போதே சரியாகச் சொல்லுங்கள் என்றார். மண்ணெண்ணெயில் தோய்த்த கட்டரை ஸ்கேல் ஓரமாக இழுத்தார், விடாத ஒரே கிறீச்சு. கண்ணாடியைக் கவிழ்த்துப்போட்டு வழுவழுப்பான முகத்தில்தான் கோடு போட்டார். “பூ இருக்கிற பக்கம் கோடு போட்டா அது இஷ்டத்துக்கு ஓடும் சார்” என்று, கேட்காமலே சொன்னார். மேஜை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து, கோடு போன வழியே பிரிந்தது.

ஐந்து நாள் கழித்துப் பொருத்தினார்கள். சொரசொரப்பை வெளிப்பக்கம் வைக்கச் சொன்னேன். இப்போது காலையில் அப்பா உள்ளே போனால் நான் கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுகிறேன். எழுத்தில் கண் போவதில்லை. கண்ணாடியில் மாநிறமாக ஒரு உயரம், அதன் மேல் வெள்ளையாகக் கொஞ்சம். குனியும்போது காணாமல் போகும், நான் எண்ண ஆரம்பிப்பேன். ஏழு எட்டுக்குள் திரும்ப எழும். 1984 பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும் என்றுதான் தினமும் உட்காருகிறேன். அவர் அந்த வருடம் நாக்பூரில் வேலையில் இருந்தார், கடிதத்தில் அம்மா எழுதியிருப்பாளோ மாட்டாளோ. நேற்று அந்த உயரம் குனிந்து, பத்தைத் தாண்டியும் எழவில்லை. பேப்பரைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் போய், தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு செருமல் வந்தது, தாத்தா ரேழியில் செருமுவாரே, அதே மாதிரி. அப்புறம் குரல்.

“இருக்கேன்டா. சோப்பு விழுந்துடுச்சு.”